நாற்பதாம் நாள் முறைத் தண்ணீர்

ஜூன் எட்டாம் தேதி காஸ்பாரே தன் எலுமிச்சை மரங்களுக்குத் தண்ணீரை நிறுத்தினான். எங்கள் ஊர் பொர்த்தெல்லா ரூசாவில் எல்லாரும் அந்த வாரம்தான் நிறுத்துவார்கள். மரத்தை நாற்பது நாள் காயப்போட வேண்டும். இலை குழல் மாதிரிச் சுருளும், மரம் சாகப்போகிறோம் என்று பயந்துவிடும். அந்த நேரம் பார்த்து வயிறு முட்டத் தண்ணீர் விட்டால், பயந்த மரம் ஆகஸ்ட்டில் காலம் தப்பிப் பூத்துக் கொட்டும். அடுத்த கோடையில், வேறு எந்தத் தோட்டத்திலும் காய் இல்லாத நேரத்தில், நம் மரத்தில் மட்டும் பச்சைக்காய் தொங்கும். நாற்பது நாளுக்கு மேல் நாலைந்து நாள் தாண்டினால் இலை உதிர ஆரம்பிக்கும். அப்புறம் எவ்வளவு ஊற்றினாலும் அது விறகுதான்.

எனக்கு மரம் ஒன்றுகூடக் கிடையாது. நான் இந்த ஊர் மருத்துவச்சி, பெயர் மொம்மினா. ஆனால் இங்கே தண்ணீர் முறை தெரியாமல் மருத்துவச்சி வேலைகூடப் பார்க்க முடியாது. எந்தப் புருஷன் எந்த வாரம் மடையில் நின்றான், எந்த வாரம் வீட்டில் இருந்தான் என்று தெரிந்தால் எந்த வீட்டில் எப்போது கூப்பிடுவார்கள் என்று சொல்லிவிடலாம். காஸ்பாரே வீட்டில் ஜூலை முதல் வாரம் என்று சொல்லியிருந்தேன். ஆறாம் தேதி விடியற்காலையில் நின்ஃபாவுக்குப் பையன் பிறந்தான். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து முதல் பிள்ளை.

பிள்ளை பிறந்த வீட்டில் இருக்க வேண்டிய சத்தம் அங்கே இல்லை. நின்ஃபாவின் அண்ணன் சவேரியோ போன அக்டோபரில் செத்துப்போயிருந்தான். தோட்டக்காரர்கள் ஒன்றுகூடிப் பொதுக் கிணறு தோண்ட வேண்டும் என்று வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தவன் அவன். ஊரில் இருந்த கிணறும், பம்ப் கொட்டகையும், கடல் வரைக்கும் இறங்கும் வாய்க்காலும் தோன் மெல்க்கியோரேயுடையது. பெரிய மனிதர் என்பதால் ஊர் அவரைத் தோன் என்று கூப்பிடும். ஒரு நாள் மத்தியானம் தங்கை வீட்டில் இருந்த சவேரியோவை யாரோ தோட்டச் சுவருக்கு வெளியே இருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். போனான். இரண்டு வெடி கேட்டது.

கூப்பிட்டது யார் என்று நின்ஃபா ஜன்னலில் நின்று பார்த்தாள். கோவேறு கழுதை மேல் தோன் மெல்க்கியோரே தானே உட்கார்ந்திருந்தார். வேறு யார் கூப்பிட்டாலும் சவேரியோ வரமாட்டான் என்று அவருக்குத் தெரியும். அதை அவள் போலீஸ் அதிகாரியிடம் அப்படியே சொன்னாள். எழுதிக் கையெழுத்தும் போட்டாள். எங்கள் ஊரில் அதுவரை யாரும் செய்யாத காரியம். அக்டோபர் பதினேழாம் தேதி பலேர்மோ கோர்ட்டில் வந்து சாட்சி சொல்லச் சொல்லி வந்த காகிதம் மாதா படத்துக்குப் பின்னால் செருகியிருந்தது.

நானும் அந்தத் தெருவில்தான் இருக்கிறேன். வெடிச்சத்தம் கேட்டதும் ஜன்னலைச் சாத்திக்கொண்டேன். எனக்கு ஒன்றும் தெரியாது என்று அதிகாரியிடம் சொன்னேன். அது பொய்யும் இல்லை. தெரிந்துவிடக்கூடாது என்றுதானே சாத்தினேன்.

பிள்ளை பிறந்த நாலாம் நாள் மடைக்காரன் தோத்தோ ஒரு கூடை கொண்டுவந்து வைத்தான். யார் தோட்டத்துக்கு எப்போது மடை திறப்பது என்பது இவன் கையில். வாய் எப்போதும் சிரித்தபடி இருக்கும், கண் சிரிக்காது. கூடைக்குள் பூவேலை செய்த வெள்ளைச் சட்டை, வெள்ளிப் பதக்கம், ஒரு கொழுத்த கோழி.

"தோன் மெல்க்கியோரே அனுப்புனாரு. பிள்ளைக்கு அவரே ஞானத்தகப்பனா நிப்பாராம். நீங்க கேக்கக் கூச்சப்படுவீங்கன்னு அவரே சொல்லியனுப்பிட்டாரு."

காஸ்பாரே எழுந்து நின்றான். "பெரிய மனசு," என்றான். வேறு என்ன சொல்வான்?

எங்கள் பக்கத்தில் ஞானஸ்நானத்தில் பிள்ளையை ஏந்தி ஞானத்தகப்பன் ஆகிவிட்டால், அவர் பெற்றவர்களுக்குக் கும்பாரி, ரத்த உறவுக்கும் மேல். கூடப் பிறந்தவனோடு சண்டை போடலாம், கும்பாரியோடு முடியாது. கும்பாரி மேல் கோர்ட்டில் சாட்சி சொன்னவளுக்கு அடுப்பு பற்றவைக்க நெருப்புகூட யாரும் தரமாட்டார்கள். ஞானஸ்நானம் கொடுத்த புனித அருளப்பரின் முன்னால் கட்டிய உறவு அது, முறித்தால் வம்சம் விளங்காது என்பார்கள். தோன் மெல்க்கியோரே விவரமானவர். ஒரே வீட்டில் இரண்டாவது சாவு விழுந்தால் பலேர்மோப் பத்திரிகைக்காரர்கள் வந்து நிற்பார்கள். உறவு கட்டிக்கொண்டால் ஒரு தோட்டாகூடச் செலவில்லை.

தோத்தோ போனதும் நின்ஃபா அந்தக் கோழியின் காலைப் பிடித்துத் தெருவில் கொண்டுபோய் விட்டுவிட்டாள். காஸ்பாரே ஓடிப்போய்ப் பிடித்துவந்தான். கோழி சூப் பிள்ளை பெற்றவளுக்கு நல்லதுதான், ஆனால் நான் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

ஞானஸ்நானத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார்கள். நின்ஃபாவுக்குக் காய்ச்சல், பிள்ளைக்குச் சளி என்று ஊர்க் கோயில் அன்செல்மோ சாமியாரிடம் சொல்லிவைத்தோம். ஜூலை பதினெட்டு வந்தது. நாற்பதாம் நாள். காஸ்பாரே விடியும் முன்பே மண்வெட்டியோடு போய் மடைவாயில் நின்றான். மேல் தோட்டத்துக்குத் தண்ணீர் போயிற்று. கீழ்த் தோட்டத்துக்குப் போயிற்று. காஸ்பாரேவின் வாய்க்கால் மட்டும் காய்ந்து கிடந்தது.

"பலகை இறுகிப்போச்சு, திறக்க மாட்டேங்குது," என்றானாம் தோத்தோ. "ரெண்டு நாள் பொறு. பலேர்மோலருந்து ஆசாரி வரணும்."

மறுநாள் சிரோக்கோ அடிக்க ஆரம்பித்தது. ஆப்பிரிக்காவிலிருந்து வரும் அந்தக் காற்று வந்தால் கதவு, ஜன்னல், பாத்திரம் எல்லாம் சுடும். பல்லில் மணல் நெறுநெறுக்கும். மனுஷருக்கே தாங்காது, நாற்பது நாள் தாகத்தில் இருந்த மரம் என்ன செய்யும்? காஸ்பாரே வீட்டுக்கும் தோட்டத்துக்குமாக நடந்தான். நான் பிள்ளையின் தொப்புளைப் பார்க்கப் போனபோதெல்லாம் அவன் கையில் ஒரு இலை இருக்கும். அதை இரண்டு விரலால் முறுக்கிப் பார்ப்பான். முறுக்கினால் வளைய வேண்டும், ஒடியக்கூடாது.

வியாழக்கிழமை சுரைக்கொழுந்து சூப் வைத்திருந்தாள் நின்ஃபா. காஸ்பாரே தட்டைத் தள்ளிவைத்தான்.

"இன்னும் வளையுது," என்றான். "ஞாயித்துக்கிழமை வரைக்கும் தாங்கும். அதுக்கு மேல தாங்காது."

"சாப்பிடுங்க."

"இருநூத்திப் பத்து மரம், நின்ஃபா. ஒவ்வொண்ணும் என் கையால ஒட்டுக்கட்டினது. நீ கல்யாணமாகி வந்தப்ப முழங்கால் உசரம் இருந்துச்சு."

"தெரியும்."

"தெரியும்னா என்ன அர்த்தம்? ஒரு சட்டை, ஒரு பதக்கம். சாமியார் ரெண்டு வார்த்தை சொல்லப்போறாரு. அவ்வளவுதானே?"

"அவ்வளவுதானா? அக்கா, நீங்க சொல்லுங்க, அவ்வளவுதானா?"

என்னை ஏன் இழுக்கிறாள் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. "நான் தொப்புள் பாக்க வந்தவ," என்றேன்.

"எங்கண்ணனக் கூப்பிட்ட வாய், எம்பிள்ளைக்காக விசுவாசப் பிரமாணம் சொல்லணும். அதானே?"

"உங்கண்ணன் செத்துட்டான்!" காஸ்பாரே கத்தினான். "செத்தவனுக்காக இருக்கறவங்களும் காஞ்சு சாகணுமா? கோர்ட்ல நீ சொல்லி அவரு ஜெயிலுக்குப் போவாருன்னு நெனைக்கிறியா? மூணு வக்கீல் வச்சிருக்காரு. நீ சொன்னாலும் ஒண்ணும் ஆகாது, சொல்லாட்டாலும் ஒண்ணும் ஆகாது. மரம் மட்டும்தான் போகும்."

"ஒண்ணும் ஆகாதுன்னா அவரு எதுக்குக் கோழி அனுப்புறாரு?"

காஸ்பாரே தட்டை மறுபடி தன் பக்கம் இழுத்துக்கொண்டான். கதவு தட்டும் சத்தம் கேட்டது. திறந்தால் தோன் மெல்க்கியோரே.

ஒல்லியான மனிதர். வயிற்றுக்கோளாறு, பிரிஞ்சி இலை போட்ட வெந்நீர் தவிர வேறு குடிக்கமாட்டார். அந்த வெக்கையிலும் கம்பளி மேல்சட்டை போட்டிருந்தார். தொப்பியை எடுத்து மாதா படத்துக்கு ஒரு தலையசைப்புச் செய்தார். படத்துக்குப் பின்னால் துருத்திக்கொண்டிருந்த காகிதத்தின் மேல் அவர் பார்வை கொஞ்சநேரம் நின்றது.

"சும்மா இந்தப் பக்கமா வந்தேன், தாயி. பிள்ளையப் பாக்கலாமா?"

நின்ஃபா தொட்டில் துணியை விலக்கினாள்.

"யார் ஜாடை?" என்று கேட்டார்.

"எங்கண்ணன் ஜாடை."

காஸ்பாரே நாற்காலியை இழுத்துப் போட்டான். அது தரையில் கீச்சென்றது.

"ஆமா," என்றார் தோன் நிதானமாக. "அந்த நெத்திதான். நல்ல பையன் சவேரியோ. கொஞ்சம் அவசரக்காரன். தண்ணி எங்கிட்ட இருக்கறப்ப எதுக்குப்பா கிணறுன்னு நானே எத்தனையோ தடவ கேட்டிருக்கேன். போகட்டும், ஆண்டவர் அவனுக்கு இளைப்பாற்றி குடுக்கட்டும்." என்னைப் பார்த்துச் சிரித்தார். "மொம்மினா, பிள்ளைக்குச் சளின்னு சாமியார் சொன்னாரே?"

"இப்ப தேவலை, ஐயா," என்றேன். என் வாய்தான் சொல்லிற்று.

"அப்ப ஞாயித்துக்கிழமை வச்சுக்கலாம். பெரிய பூசை முடிஞ்சதும். காஸ்பாரே, உன் மடைப் பலகை இறுகிப்போச்சாமே? தோத்தோ சொன்னான், வருத்தமாப் போச்சு. ஞாயித்துக்கிழமை மத்தியானத்துக்குள்ள சரியாயிடும். கும்பாரி வீட்டு மரம் காயறத நான் பாத்துட்டு இருப்பேனா?"

கையை நீட்டினார். காஸ்பாரே அந்தக் கையைப் பிடித்தான். நின்ஃபா பிள்ளைக்குத் துணி மாற்றுவதுபோலக் குனிந்துகொண்டாள். பிள்ளை நனைத்திருக்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம், தெருவில் நாய்கூட இல்லாத நேரம், காஸ்பாரே வீட்டுப் பக்கத்துக்காரி ஓடிவந்தாள். "நின்ஃபா கூப்பிடுறா. பிள்ளைக்கு மூச்சு வாங்குதாம்." பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். சிரோக்கோ நாளில் பச்சைப்பிள்ளைகள் போவதை நான் பார்த்திருக்கிறேன்.

உள்ளே போனால் பிள்ளை தாயின் மார்பில் ஒட்டிக்கொண்டு சப்புக்கொட்டிக் குடித்துக்கொண்டிருந்தான். காது வரைக்கும் ரத்தச் சிவப்பு. உலகத்தில் இவனைவிட ஆரோக்கியமான பிள்ளை கிடையாது.

"கதவைச் சாத்துங்க, அக்கா," என்றாள் நின்ஃபா.

"உனக்குப் பைத்தியமா? உயிரக் கையில பிடிச்சிட்டு ஓடிவந்தேன்!"

"நீங்க இதுவரைக்கும் எத்தனை பிள்ளைக்கு நீங்களே தண்ணி ஊத்தியிருக்கீங்க?"

எனக்குப் புரிந்துவிட்டது. உட்கார்ந்துவிட்டேன். சாகக்கிடக்கும் பிள்ளைக்குச் சாமியார் வரும்வரை காத்திருக்க முடியாது. மருத்துவச்சியே ஞானஸ்நானம் கொடுக்கலாம். அது கோயிலில் கொடுத்ததற்குச் சமம். ஒரு முறை ஊற்றிவிட்டால் மறுபடி ஊற்றக்கூடாது. ஊற்றியவள்தான் ஞானத்தாய். அப்புறம் கோயிலுக்குக் கொண்டுபோய் எண்ணெய் பூசலாம், மெழுகுவத்தி பிடிக்கலாம், பிடிக்கிறவர் மெழுகுவத்தி பிடித்தவர் மட்டும்தான், ஞானத்தகப்பன் ஆகமாட்டார். நான் பதினொரு பிள்ளைகளுக்கு ஊற்றியிருக்கிறேன். ஒன்பது பேர் கல்லறையில் இருக்கிறார்கள்.

"நீயே ஊத்தேன்," என்றேன். வெட்கமாக இருந்தது, இருந்தாலும் சொன்னேன். "யார் ஊத்தினாலும் செல்லும்."

"நான் சொன்னா யார் நம்புவா? கோர்ட்டுக்குப் போறதுக்காகப் பொய் சொல்றான்னு ஊரே சொல்லும். உங்க வார்த்தைய சாமியார் தட்டமாட்டாரு. நாப்பது வருஷத்துல யாரும் தட்டினதில்ல."

"அந்த வார்த்தைய இப்ப பொய்யாக்கச் சொல்ற."

"ஆமா."

"எனக்கு இந்த ஊர்ல பொழைக்க வேண்டாமா? நாளைக்கு யாரு என் கதவத் தட்டுவா?"

"தட்டமாட்டாங்க," என்றாள். அவள் கண்ணில் தண்ணீர் நிறைந்து கன்னத்தில் வழிந்தது. "நான் உங்களுக்கு நல்லது எதுவும் செய்யல, அக்கா. கெடுதல்தான் செய்றேன். தெரிஞ்சேதான் கேக்குறேன்."

எனக்கு அவள் மேல் அவ்வளவு கோபம் வந்தது. எழுந்து கதவுவரை போனேன். தாழ்ப்பாளில் கை வைத்தேன். அந்த ஜன்னலைச் சாத்திய கையும் இதுதான். அன்றைக்கு எவ்வளவு சீக்கிரமாகச் சாத்தினேன் என்று நினைத்தேன். என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

திரும்பி வந்து, "செம்பக் கொண்டா," என்றேன்.

குடிதண்ணீர்ப் பானையில் அரைப் பானைதான் இருந்தது. செம்பில் மொண்டேன். அப்போது கதவு திறந்தது. காஸ்பாரே. தொப்பி நிறைய இலை. சுருண்டவை, பச்சை நிறம் போகாதவை. காற்றில் தானாக உதிர ஆரம்பித்துவிட்டது போலிருக்கிறது. செம்பைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிள்ளையைப் பார்த்தான்.

"நான் கையக் குடுத்திருக்கேன்," என்றான். "அவரு கையப் பிடிச்சிட்டேன், நின்ஃபா."

"நீங்க பிடிச்சீங்க. பிள்ளை பிடிக்கல."

"நாளைக்கு ஒரு நாள். ஒரே ஒரு நாள். தண்ணி உள்ள வந்துட்டா எல்லாம் தழைச்சிடும்."

"அடுத்த வருஷம் ஜூலைல? அதுக்கு அடுத்த வருஷம்? பலகை மறுபடி இறுகாதா?"

அவன் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தான். தொப்பி கவிழ்ந்து இலையெல்லாம் கொட்டியது. நான் செம்பைப் பிடித்தபடி நின்றேன். இவன் எழுந்து செம்பைத் தட்டிவிட்டால் நல்லது என்றுகூட நினைத்தேன். நான் முயன்றேன் என்று சொல்லிக்கொள்ளலாம், வீட்டுக்கும் போகலாம்.

எழுந்தான். என்னிடம் வந்தான். சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு நின்ஃபாவிடமிருந்து பிள்ளையை வாங்கினான். பிடரிக்குக் கீழே உள்ளங்கையை வைத்துத் தலையைத் தாழ்த்திப் பிடித்தான்.

"கண்ணுல படாம ஊத்துங்க," என்றான்.

ஊற்றினேன். "சவேரியோ, பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே உனக்கு ஞானஸ்நானம் தருகிறேன்." பிள்ளை வீல் என்று கத்தினான். அடுத்த தெருவுக்குக் கேட்டிருக்கும்.

மறுநாள் பெரிய பூசைக்கு முன்பே கோயில் பின்னறைக்குப் போனேன். அன்செல்மோ சாமியார் அங்கியை மாட்டிக்கொண்டிருந்தார். சொன்னேன். அங்கியின் கயிறு அவர் கையிலிருந்து விழுந்தது.

"மொம்மினா, வெளியே யார் உட்கார்ந்திருக்காருன்னு தெரியுமா? சர்க்கரை பூசின பாதாம் ஒரு பெட்டி வந்து இறங்கியிருக்கு."

"பாத்தேன், சாமி."

"பிள்ளைக்கு நிஜமாவே உயிராபத்து இருந்துச்சா? ஆண்டவர் சாட்சியா கேக்குறேன்."

"இருந்துச்சு, சாமி. இன்னும் இருக்கு."

அவர் என்னையே பார்த்தார். அவரும் பயந்தவர்தான், ஆனால் கெட்டவர் இல்லை. பேனாவை எடுத்துப் பதிவுப் புத்தகத்தில் எழுதினார். ஞானத்தாய் என்ற இடத்தில் என் பெயர். எழுதி முடித்ததும் மை உலர ஊதினார்.

தோன் மெல்க்கியோரேயிடம் அவரேதான் போய்ச் சொன்னார். நான் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். தோன் கேட்டுக்கொண்டார், தலையசைத்தார், தொப்பியை எடுத்துக்கொண்டார். என் பக்கம் வந்து நின்று, "பிள்ளைக்கு இப்ப எப்படி இருக்கு, மொம்மினா?" என்று அன்பாகக் கேட்டார். தேவலை என்றேன். "நல்லாப் பாத்துக்குங்க," என்று சொல்லிவிட்டு வெளியே போனார். பாதாம் பெட்டியைத் தோத்தோ தூக்கிக்கொண்டு பின்னால் போனான்.

மடைப் பலகை சரியாகவில்லை. செவ்வாய்க்கிழமைக்குள் இருநூற்றுப் பத்து மரமும் மொட்டையாகிவிட்டன. காஸ்பாரே குடிதண்ணீரை வாளியில் சுமந்து வீட்டோரத்து ஏழு மரத்துக்கு ஊற்றினான், அதில் இரண்டு தழைத்தது. மற்றவற்றைச் செப்டம்பரில் வெட்டினான். வெட்டும்போது யாரும் உதவிக்குப் போகவில்லை. என் கதவையும் யாரும் தட்டவில்லை. கர்ப்பிணிகள் பக்கத்து ஊர்க்காரியைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். ஒவ்வொரு இரவும் தாழ்ப்பாளை இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் படுத்தேன். நின்ஃபா மேல் எனக்குக் கோபம் தீரவே இல்லை, ஆனாலும் தினமும் போய் என் ஞானப்பிள்ளையைக் குளிப்பாட்டினேன்.

அக்டோபர் பதினேழு, நாங்கள் நாலு பேரும் முதல் பஸ்ஸில் பலேர்மோ போனோம். பஸ்ஸில் எங்களுக்கு முன்னும் பின்னும் நாலு வரிசை காலியாக இருந்தது. தீர்ப்பு என்ன என்று கேட்பீர்கள். ஆதாரம் போதவில்லை என்று அடுத்த வசந்தத்தில் தோன் மெல்க்கியோரேயை விட்டுவிட்டார்கள். காஸ்பாரே சொன்ன மாதிரிதான் ஆயிற்று. காஸ்பாரேயும் நின்ஃபாவும் பிள்ளையும் அதற்கு முன்பே ஜெனோவாவுக்குப் போய்விட்டிருந்தார்கள்.

ஆனால் அன்றைக்குக் கோர்ட்டில் ஊர்க்காரர்கள் அறுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். தோன் மெல்க்கியோரே கம்பளி மேல்சட்டையோடு முன்னால் இருந்தார். நின்ஃபா பிள்ளையை என் மடியில் கொடுத்துவிட்டுக் கூண்டில் ஏறினாள். நீதிபதி மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, எல்லாச் சாட்சியிடமும் கேட்கிற முதல் கேள்வியைக் கேட்டார்.

"உங்களுக்கும் குற்றம் சாட்டப்பட்டவருக்கும் ஏதாவது உறவு உண்டா?"

நின்ஃபா தோன் மெல்க்கியோரேயைத் திரும்பிப் பார்த்தாள். அவர் முகத்தை நேராகப் பார்த்துவிட்டு, கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"இல்லீங்க. எந்த உறவும் இல்ல."